சராசரி ஒன்பது

மீட்டரக்கா என்று பாய்லர் கொட்டகையில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர், போகப்போக மேலாளர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அந்தக் காகித ஆலையில் தண்ணீரைக் கவனிப்பது அவள் வேலை. பாய்லருக்குப் போகும் தண்ணீர் கொஞ்சம் காரமாக இருக்க வேண்டும், பி.எச். அளவு ஒன்பதை ஒட்டி நிற்க வேண்டும். இறங்கினால் தண்ணீர் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சுவரில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி இருந்தது. குழாயில் செருகியிருந்த இரண்டு சென்சார்களின் பேச்சைக் கேட்டு, அது காரத்தைக் கூட்டும் மருந்து பம்பை ஓட்டும், நிறுத்தும். அதன் மெனுவில் அவள் நுழையாத சந்துபொந்து இல்லை.

கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடாமல் இருந்துவிட்டவள். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் தம்பியை ஆளாக்கியது அவள்தான். அவன் ஓரிடத்தில் நிலைக்காமல் திரிந்தபோது, மேலாளரின் கையைக் காலைப் பிடித்துப் பாய்லர் கொட்டகையில் சேர்த்துவிட்டாள். அங்கே அவன் ஒட்டிக்கொண்டான். பிறகு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் வீட்டுச் சாவியில் ஒன்று எப்போதும் அக்காவிடம்தான் இருந்தது.

சென்சார் அனுப்பும் எண்களைக் கொண்டு இன்னொரு எண்ணைத் தானே கணக்கிட்டு, அதையும் ஒரு சென்சாரைப் போலவே நடத்த அந்தப் பெட்டிக்குத் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்லலாம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கச் சொல்லலாம். அவள் கழிக்கச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகாவிட்டால் அலாரம் கத்தும்.

மழைக்காலத்தில் அது கத்த ஆரம்பித்தது. ஒன்று பதினொன்று என்றது, மற்றது ஏழு என்றது. எது புளுகுகிறது என்று பார்க்கக் கை மீட்டர் வேண்டும். அதை இரவல் வாங்கிப் போன பக்கத்து ஆலை திருப்பித் தரவில்லை. புது சென்சார் கேட்டால் கொள்முதல்காரர், "வந்துட்டே இருக்கு" என்பார். எங்கிருந்து வருகிறது, நடந்தா, தவழ்ந்தா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடிக்கும்.

தம்பிதான் முதலில் வந்து நின்றான்.

"அக்கா, உன் பெட்டி போடுற கூச்சல்ல எனக்குக் கிறுக்கே பிடிச்சிடும் போல. எதையாவது பண்ணி வாயை மூடேன்."

"அது சும்மா கத்தலடா."

"சும்மாவோ, காரணமாவோ! பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்கல. நிஜமாவே ஒரு ஆபத்துன்னா கூப்பிட்டாக்கூட காதுல விழாது."

மேலாளரும் சேர்ந்துகொண்டார். "ரெண்டுக்கும் சராசரி போட்டுவிடுங்க மீட்டரக்கா. உண்மை நடுவுலதானே எங்கயாவது இருக்கும்."

இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நாள் முழுக்க அந்த ஓலம் அவள் மண்டையையும்தான் குடைந்தது. மெனுவுக்குள் போய்க் கழித்தலை எடுத்துவிட்டுச் சராசரியை வைத்தாள். பம்பையும் அதற்கே கட்டிவிட்டாள். திரையில் ஒன்பது வந்தது. கொட்டகை கப்சிப்பென்று அடங்கியது. தம்பி தூரத்திலிருந்து அவளுக்குப் பெரிய கும்பிடு ஒன்று போட்டான்.

மனசு கேட்காமல், மேசை இழுப்பறையில் கிடந்த பழைய சோதனைத் தாளைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள். பச்சை என்றால் காரம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. பச்சையா, மஞ்சளா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பச்சைதான் என்று முடிவுகட்டினாள். புது சென்சார் வந்துவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பதினொன்று என்று புளுகியது மெல்ல மெல்ல இன்னும் மேலே போனது. போதும் போதும் என்று பம்ப் மருந்தைக் குறைத்தது. தண்ணீர் அந்த அளவுக்குக் கீழே இறங்கியது. பொய் ஏற, நிஜம் இறங்க, நடுவில் ஒன்பது மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது.

வெயில் ஏறிய மாதத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் எழுந்த நேரம், பாய்லருக்குள் அரித்துப் போயிருந்த ஒரு குழாய் வெடித்தது. அடுப்புக் கதவைத் திறந்து தீயைக் கிளறிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. ஆவியும் நெருப்பும் அவன் முகத்தில் வந்து அடித்தன.

உயிர் தப்பியது. ஒரு கண் போயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிட்டன.

விசாரிக்க வந்தவர்கள் இரும்பு பழசு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு புது சென்சார் வந்தது. அவளே பொருத்தினாள். ஆறரை காட்டியது. கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினாள். ஆறரைதான். அப்படியே குழாயோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

தம்பி வீடு திரும்பிய வாரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒற்றைக் கண்ணால் உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பெட்டி வாயை எப்படி மூடுன?"

"சராசரி போட்டேன்."

அவனும் பாய்லரோடு புழங்கியவன்தான். கணக்கு அவனுக்குள் ஓடி முடிய நேரம் பிடிக்கவில்லை.

"மூடச் சொன்னது நான்தானே" என்றான்.

"நீ ஆயிரம் சொல்லுவ. எனக்கு எங்கடா போச்சு புத்தி?"

திட்டுவான், ஒரு பாட்டம் தீர்த்துவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் சுருண்ட கையால் போர்வையை இழுக்கப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை. அவள் எடுத்துவிடக் கை நீட்டியபோது, "வேணாம்" என்று சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டான்.

கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. வாசல் வரை கூடவே வந்தாள்.

"அக்கா, சாவியைக் குடுத்துட்டுப் போங்க. இனிமே வர்றதுன்னா முன்னாடியே சொல்லுங்க."

வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவளுக்கு வரவில்லை. நகம் பிய்ந்தது. அவன் மனைவியே வாங்கிக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அவள் சொல்லிப் பார்த்தாள். போனில் கூப்பிட்டு, வரட்டுமா என்று கேட்டாள். அவன் தூங்குவதாகச் சொன்னார்கள். எப்போது கூப்பிட்டாலும் தூங்கிக்கொண்டிருந்தான்.