சலாத்துக்குப் போட்ட விரல்

குறிஞ்சாக்கேணி சரீப், யார் சலாம் சொன்னாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார். பதில் சொல்வது கடமை என்று வளர்ந்தவர். களப்பில் வலை இழுத்துக்கொண்டிருந்தாலும் கரையில் நிற்பவனுக்குப் பதில் போகும்.

அவர் தோணி ஏற்றும் கரையில்தான் ஒரு ஹோட்டல்காரன் கண் வைத்தான். சுற்றுலாப் படகு விடக் குத்தகைக்குக் கேட்டான். கரை போனால் சரீப்புக்குத் தோணி விட வேறு இடமில்லை.

கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்க, முன்பென்றால் மீனவர் சங்கம் கூட்டம் போடவேண்டும். சனம் கத்தும், கதிரை பறக்கும். சங்கச் செயலாளர் றுவைஸுக்கு அந்தக் கரைச்சல் வேண்டாம். இனி எல்லாம் வட்ஸ்அப் குறூப்பில்தான், சம்மதமென்றால் பெருவிரல் படம் போடுங்கள் என்று சட்டம் வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நீளமான செய்தி வந்தது. தொடக்கத்தில் சலாம், பிறகு மழைக்கும் நோயாளிகளுக்கும் துஆ. குத்தகை விஷயம் அடியில் கிடந்தது, விரித்துப் பார்த்தால்தான் தெரியும். சரீப் விரிக்கவில்லை. சலாத்தைக் கண்டார், விரலைப் போட்டார். மற்றவர்களும் அப்படித்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முந்திய கூட்டங்களுக்கு ஊர்க்காரர் நாங்கள் நோட்டீஸ் அடித்துத் தொண்டை கிழியக் கத்தியும் காணாத ஒற்றுமை.

கரையில் கட்டை அடிக்க ஆட்கள் வந்தபிறகுதான் சரீப்புக்கு விஷயம் தெரிந்தது. சங்கத்துக்கு ஓடினார். றுவைஸ் போனை நீட்டினார்.

"முதல் விரலே உங்கடதானே, காக்கா."

"அது சலாத்துக்குப் போட்ட விரல், தம்பி."

"குறூப்புக்கு அந்தக் கதையெல்லாம் விளங்காது. மாத்தோணுமெண்டா நீங்களும் ஒரு தீர்மானம் போடுங்க."

சரீப் வீட்டுக்கு வந்து மகள் றுமானாவை எழுதச் சொன்னார். முதலில் சலாம். பிறகு மழை, நோயாளிகள், ஹஜ்ஜுக்குப் போனவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் துஆ. ஆக அடியில், குத்தகை ரத்து, செயலாளர் விலகவேண்டும்.

"இது சரியா வாப்பா?"

"அவர் காட்டித் தந்த வழிதானே மகள்."

அனுப்பிய கையோடு விரல்கள் விழத் தொடங்கின. முதல் விரல் றுவைஸுடையது. அவரும் நல்ல வளர்ப்பு, சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவாரா?

கட்டைகளைப் பிடுங்கினார்கள். சரீப்பின் தோணி பழைய இடத்திலேயே ஏறியது.

செயலாளர் கதிரைதான் காலி. எனக்கு அது ஏலாது, எழுத்து வேலை சரிவராது என்று சரீப் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை குறூப்பில் யாரோ ஒரு நீளமான செய்தி போட்டார்கள். சரீப் ஏகமனதாகச் செயலாளரானார். அதற்கும் முதல் விரல் அவருடையதுதான்.