கடலோரம் போகப் பூக்கேட்டது

மோட்டார் சைக்கிளில் கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் போகப்போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தனியாக. ஏழு நாள். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டி, போதும்டா சாமி என்று விட்டுவிட்டு வந்து இன்னும் முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் இந்த மனுஷனுக்கு மறுபடியும் ரோடு கேட்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓட்டுனது பத்தாதாங்க?" என்றேன்.

"அது லோடு. இது சும்மா பாத்துக்கிட்டே போறது. தூத்துக்குடி ஹார்பருக்கு எத்தினி தடவ போயிருப்பேன்? கேட்டுக்குள்ள போவேன், எறக்குவேன், திரும்புவேன். ஒரு நாளாச்சும் நின்னு கடலப் பாத்ததில்ல."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை. சும்மாவா எலி அம்மணமாக ஓடும்?

அன்றிலிருந்து வீட்டில் ஒரே திட்டம்தான். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஊர்களாக எழுதுவார். அரூர் வழியாகத் திருவண்ணாமலை, அங்கிருந்து பாண்டிச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை, தொண்டி, தனுஷ்கோடி. எந்த இடத்தில் ரோட்டிலிருந்தே கடல் தெரியும், எங்கே உப்பங்கழி, எங்கே எதிர்காற்று அடிக்கும் என்று போனில் வரைபடத்தை விரித்து விரித்துப் பார்ப்பார். நான் பக்கத்தில் போனால் போன் அணைந்துவிடும், தாள் கவிழ்ந்துவிடும். திருடன்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கமாட்டான்.

வேளாங்கண்ணியில் மட்டும் இரண்டு ராத்திரி என்று எழுதியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "முதுகு தாங்கோணுமில்ல," என்றார். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் போகிறவள். அவளைக் கேட்டால், "ஒரு நாளே ஜாஸ்திடி," என்றாள். அதோடு நிற்காமல், "எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கோ, ஆம்பளைங்க விஷயம்," என்று கொளுத்தியும் போட்டாள்.

பெண் விவகாரம் என்றால் நான் பயப்படமாட்டேன். இரண்டே சண்டையில் முடித்துவிடுவேன். என் பயம் வேறு. லாரி ஓட்டிய காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். பிழைப்பு, என்ன செய்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது பிழைப்பும் இல்லை, கட்டாயமும் இல்லை. அப்படியும் கிளம்புகிறார் என்றால், என்னோடு ஒரே வீட்டில் இருக்க இவருக்குப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நேராகவே கேட்டுத் தொலைத்திருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஒரு நாள் அவர் தென்னை மரத்தடியில் நின்று பழைய லாரிக் கூட்டாளி ஒருத்தரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் குளியலறை ஜன்னலில் காதை வைத்தேன். வெட்கம்தான், ஆனாலும் வைத்தேன். "தனியாத்தான்... இல்லல்ல, வூட்ல வரமாட்டாங்க," என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்காமலேயே வரமாட்டாள் என்று முடிவு கட்டியாகிவிட்டது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்பதே நினைவில்லை.

அப்போதுதான் எனக்குப் பூ ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் போர்வெல் போடுவதானாலும், பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிப்பதானாலும் அம்மனிடம் பூக்கேட்காமல் செய்யமாட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. எப்படிக் கட்டினாய் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

"பூக்கேக்காம வாசப்படி தாண்டக்கூடாதுங்க," என்றேன். எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். "சரி, வெள்ளிக்கெழம போலாம்," என்று உடனே தலையை ஆட்டினார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். தாயே, மன்னித்துவிடு, இந்த ஒரு தடவைதான் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

பென்னாகரம் ரோட்டில்தான் கோயில். கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழாயில் கால் கழுவப் போனேன். அவ்வளவுதான் நான் அந்தக் கூடையை விட்டு விலகிய நேரம். பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போய்விட்டது. ஆத்தா என் திருட்டைக் கண்டுபிடித்துச் சிவப்பை வெள்ளையாக்கிவிட்டாள் என்றே நம்பினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் கணவரும் போட்டுக்கொண்டார், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பாததுதான் என்னை உலுக்கியது. பூசாரி திருப்பிக் கொடுத்த மற்ற பொட்டலத்தை அரச மரத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

வீடு வந்து சேர்ந்தோம். அவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் அந்த வெள்ளைப் பூவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"சாமிகிட்டயே பித்தலாட்டமா? உங்களுக்கு அவ்வளவு அவசரமா இந்த வூட்ட வுட்டுப் போறதுக்கு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத ஆள். "தப்புதான்," என்றார். "என் ராசிக்குச் செவப்புதான் வருமுன்னு பயந்துட்டேன். நான் ரெண்டு வெள்ளையக் கட்டி மாத்தி வெச்சேன். நீ கட்டுனது இங்கதான் இருக்குது." சட்டைப் பையிலிருந்து என் இரண்டு பொட்டலங்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் சுற்றிய நூல்கூட அவிழவில்லை. பிரித்தே பார்க்கவில்லை அந்த மனுஷன்.

"நீ கட்டுனதுலயே பாத்துருவோம். செவப்பு வந்தா போவல. சத்தியமா போவல," என்றார்.

நான் தடுப்பதற்குள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார், பிரித்தார். செவ்வரளி.

"சரி, உத்தரவில்ல," என்றார். காலண்டர் தாள்களையெல்லாம் அடுக்கி நான்காக மடித்தார். மற்ற பொட்டலத்தை அவர் தொடவே இல்லை. மேஜைமேல் கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பிரித்திருப்பேன்.

என்னால் தாங்க முடியவில்லை. நானே எடுத்து, நூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, அவர் முன்னால் கொட்டினேன். அதுவும் சிவப்பு. சிரிப்பார், இல்லாவிட்டால் கத்துவார் என்று நின்றேன். இரண்டும் இல்லை. பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, நான் வூட்ல இருக்கறது உனக்குத் தொந்தரவில்லையா?" என்றார்.

"என்னாதுங்க?"

"டம்ளர மாத்தி வெச்சாத் திட்டற. டிவி போட்டாத் திட்டற. இத்தினி வருஷம் ஒருத்தியாவே இருந்து பழகிட்ட. நான் வந்து உன் எடத்துல குறுக்க உக்காந்துட்டேனோன்னு நெனச்சேன். ஒரு வாரம் நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்... கடலையும் பாத்த மாதிரி ஆச்சு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் நான் திட்டாகத்தான் வெளியே விட்டேன். "அறிவிருக்குதாங்க உங்களுக்கு? திட்டறதுக்கு எனக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்தாரா, மூக்கைத் துடைத்தாரா, தெரியவில்லை. மடித்து வைத்த தாள்களை நான் எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"போய்ட்டு வாங்க," என்றேன். "ஏழு நாள் வேணாம். ஆறு நாள்ல வந்துருங்க."