கோட்டுக்குக் கீழே கைலி

நாலாம் வகுப்பு முடிகிற வரைக்கும், டிவி காமெடியில் செய்தி வாசிக்கிறவரை நிஜமான செய்தி வாசிப்பாளர் என்றே நம்பிக்கொண்டிருந்தவன் நான். இதைச் சொன்னால் என் மனைவி, "இப்ப மட்டும் தெளிஞ்சிட்டீங்களாக்கும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் நிகழ்ச்சி அது. அந்த ஆளுக்கு மேலே கோட்டு, டை. எழுந்தால் கீழே கட்டம் போட்ட கைலி. புயல் எச்சரிக்கை படிக்கச் சொன்னால் சமையல் குறிப்பைப் படிப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசைக்கு அடியில் தேடுவார். வாராவாரம் யாராவது ஒருவர் இறந்துவிட்டதாகத் தழுதழுத்த குரலில் அறிவிப்பார். இறந்தவரே பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டி, "சார், நான் இங்கதான் இருக்கேன்" என்பார். உடனே இவர் தாள்களைப் புரட்டி, "மன்னிக்கவும் நேயர்களே, தாள் மாறிவிட்டது" என்று கும்பிடுவார்.

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில், அப்பாவின் தங்கையான அத்தை வீட்டில்தான் டிவி இருந்தது. மாமா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ஞாயிறானால் என் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

"ஏன் மாமா, இவ்ளோ தப்பாப் படிக்கிறாரே, இவுர வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்களா?"

"கவர்மெண்டு வேலைடா மாப்ள. லேசுல தூக்க முடியாது."

"நம்பிடப் போறான், சும்மா இரு" என்று அத்தை அடுப்படியிலிருந்து கத்துவாள். நான் ஏற்கெனவே நம்பியாகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில், முகத்துவாரத்து அலையில் மாமாவின் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மாமா வரவில்லை. தேடிப் போன படகுகளும் வெறுமனே திரும்பின.

உடம்பு கரைக்கு வராமல் பெண்டாட்டி தலையிலிருந்து பூவை எடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. முந்தின நாள் வைத்த கனகாம்பரத்தோடு அத்தை சுவரில் சாய்ந்திருந்தாள். வீடு முழுக்கப் பெண்கள். சாயங்காலம் உள்ளூர் கேபிள் செய்தியில் வந்துவிட்டது: படகு கவிழ்ந்து மீனவர் பலி. மாமாவின் பேரைத் தெளிவாகச் சொன்னார்கள்.

பெரியம்மா எழுந்தாள். "டிவியிலயே சொல்லிட்டான். இன்னும் எதுக்கும்மா பூவு?" என்று அத்தையின் தலையில் கை வைத்தாள்.

அதே நேரம் வாசித்தவர் அடுத்த செய்தியில் தடுமாறி, "மன்னிக்கவும்" என்று தாளைப் புரட்டினார். அவர் போட்டிருந்ததும் கோட்டுதான். நான் துள்ளி எழுந்தேன்.

"தாள் மாறிப்போச்சு அத்தை! இப்ப மாமா பின்னால வந்து தோளத் தட்டுவாரு பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னை வெளியே தூக்கிப் போக வந்தார். அத்தை பெரியம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"புள்ள சொல்றான்ல. மாத்திச் சொல்றானான்னு பாப்பம்."

"சின்னப் பய பேச்சக் கேட்டுக்கிட்டு..."

"உக்காரு அண்ணி."

உட்கார்ந்தார்கள். நகைக்கடை விளம்பரம், பாட்டு, மறுபடி செய்தி. அதே பேர், அதே வார்த்தை. ஒவ்வொரு தடவையும் நான் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையும் அங்கேயேதான் பார்த்தாள். அவள் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின.

மறுநாள் கிள்ளை பக்கம் மாமா கரை ஒதுங்கினார். அப்பா சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், இடுப்பில் இருந்த கைலியைப் பார்த்து அடையாளம் சொன்னார். அதன் பிறகு பூவை எடுத்தார்கள். டிவியையும் அணைத்தார்கள். அணைத்துவிட்டால் எப்படி மாற்றிச் சொல்வார்கள் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். மாமாமேல் எவ்வளவு பாசம் என்று சொல்லி ஆளாளுக்கு என்னைத் தேற்றினார்கள்.

சமீபத்தில் அத்தை பேத்தியின் கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. குடும்பத்துக் கோமாளி என்பதால் மைக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எல்லாக் கூத்தும் அடித்தேன், அந்தச் செய்தி வாசிப்பாளரை மட்டும் தொடவில்லை. பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள்.

"சின்னதுல அந்த டிவி ஆளு மாதிரி பண்ணுவியே, இப்ப ஏன்டா பண்ணல?"

"எப்படி அத்தை பண்றது? அவன நம்பி அன்னிக்கி உன்னயும் டிவி முன்னால உக்கார வச்சிட்டேனே."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது காமெடின்னு எனக்குத் தெரியாதாடா, மக்கு? இன்னொரு ராத்திரி பூவோட இருக்கணும்னு தோணுச்சு. அதுக்கு உன்னாட்டம் ஒரு லூசு தேவப்பட்டுச்சு."