புளியடி ஒழுங்கைக்கு இரண்டாமிடம்

ஸ்ரெல்லாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு பெரிய அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு தையல் மெசின், நான்கு பாய், நான்கு இளந்தாரிகள். அலுமாரி இல்லை, கட்டில் இல்லை. கரவெட்டியில் புளியடி ஒழுங்கை என்கிற எங்கள் சின்னத் தெருவில், கனடாவில் இருக்கும் சுபாஸின் வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதற்குத்தான் குடிவந்திருந்தாள். நான்கும் அவள் பெற்ற பிள்ளைகள் என்று நினைத்தேன். ஒன்றின் முகம்கூட மற்றதோடு ஒத்துப்போகவில்லையே என்றும் நினைத்தேன்.

அவள் குருநகர்க்காரி. கணவர் பிரான்சுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அதை அவள் நேற்று மழை பெய்தது என்கிற மாதிரிச் சொல்வாள். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் நெடுங்காலம் சமைத்தாள். பதினெட்டு வயதானால் பிள்ளைகள் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். ஒரு உடுப்புப் பையும் தலையில் கைவைத்து ஒரு ஆசீர்வாதமும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன எமில்ராஜ் என்ற பொடியனை ஒரு பின்னேரம் பஸ் நிலையத்தில் கண்டாள். "பஸ்ஸுக்கு நிக்கிறன் அன்ரி" என்றான். அடுத்த நாளும் அதே மரவாங்கில் அதே பையோடு குந்தியிருந்து அதையே சொன்னான். அவனுக்குப் போக இடமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இல்லத்தை விட்டு வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்து சேர்ந்தார்கள். சமையல் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிச் சட்டை தைத்தாள். பொடியன்கள் கராஜிலும் பேக்கரியிலும் வேலைக்குப் போனார்கள்.

தங்கமான மனுசி என்று சொல்லிவிட்டு நகர முடியாது. வாய் பொல்லாதது. ஒருவன் ஈரத் துவாயைக் கதிரையில் போட்டால் அவள் கத்துவது எங்கள் குசினி அடுப்படிவரை கேட்கும். அவள் கத்தாத நாளில் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

ஆனால் ஒழுங்கைக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. வாள்வெட்டு, போதை என்று பேப்பர் முழுக்கச் செய்தி வருகிற காலத்தில், தாய் தகப்பன் இல்லாத நான்கு இளந்தாரிகள் ஒரே வீட்டில் என்றால் யாருக்குத்தான் நித்திரை வரும்? கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற அருளம்பலம் அண்ணைக்கு அறவே வரவில்லை. சுபாஸின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. யார் வளவிலாவது ஒரு தேங்காய் காணாமல் போனாலும் அவருடைய கண் அந்தப் படலைக்குத்தான் போகும். கனடாவுக்குப் போன் எடுத்து எடுத்து, கடைசியில் ஓகஸ்ட் முடிய வீட்டை விட வேண்டும் என்று சுபாஸின் வாயால் சொல்லவைத்துவிட்டார்.

ஸ்ரெல்லா வீடு தேடாத இடமில்லை. பருத்தித்துறையில் கேட்டாள், சண்டிலிப்பாய்வரை போய்க் கேட்டாள். பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா? ஆனால் "ஆர் இருக்கப் போகினம்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் கதை முடிந்துவிடும்.

அவள் வீடு தேடி அலைவதைக் கேள்விப்பட்ட பருத்தித்துறை விளையாட்டுக் கழகப் பொடியன்கள்தான் ஓட்டப்போட்டி நடத்துவோம் என்று வந்தார்கள். துறைமுகத்தடியில் தொடங்கி நெல்லியடி வழியாக வந்து, எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிற பள்ளிக்கூட மைதானத்தில் முடிவது. பதிவுக் காசாகவும் நன்கொடையாகவும் சேருவது புதுவீட்டு முற்பணத்துக்கு.

"காசு ஓடி வரும் தம்பிமார். வீட்டைத் தாறதுக்கு ஆள் வருமோ?" என்று கேட்டாள் ஸ்ரெல்லா. கேட்டாலும், சும்மா இருக்க அவளால் முடியாது. அடுத்த நாளே வேலையில் இறங்கிவிட்டாள். என்னையும் இழுத்துவிட்டாள்.

பெயர் பதிகிறபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஓடுகிறவர்களின் பெயரும் ஊரும் கேட்பார்கள். ஒலிபெருக்கியில் ஊரைச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு போட்டி நடக்காது. ஸ்ரெல்லாவின் பொடியன்களில் ஓடக்கூடியவன் நிருஷன், பேக்கரியில் வேலை செய்கிறவன்.

"ஊர்?" என்றார்கள். அவன் திரும்பி ஸ்ரெல்லாவைப் பார்த்தான்.

"கரவெட்டி, புளியடி ஒழுங்கை எண்டு போடுங்கோ" என்றாள் அவள்.

"அருளம்பலம் அண்ணை கேட்டாரெண்டால் துள்ளப்போறார்" என்றேன்.

"துள்ளட்டும் அக்கா. ஓகஸ்ட் முடியுமட்டும் அதுதானே எங்கடை விலாசம்?"

போட்டியன்று காலையில் எதிர்பார்த்ததற்கு மேலாகச் சனம் வந்தது. முன்னால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு வந்தார்கள். "முன்னணியில் வயற்கரைக் கழகத்தின் கீர்த்திகன்! அடுத்து, புளியடி ஒழுங்கையின் நிருஷன்!"

விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அருளம்பலம் அண்ணை அதைக் கேட்டார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். மனைவி பாலேஸ்வரி அக்கா மறிக்க மறிக்கப் பின்னால் வந்தார்.

"ஆரைக் கேட்டு எங்கடை ஒழுங்கைப் பேரைப் போட்டவை? எங்கை அந்த மனுசி?"

ஸ்ரெல்லா முடிவுக்கோட்டில் கயிறு பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளிடம் போய்ச் சேருவதற்குள் அடுத்த குறிச்சியான வயற்கரை ஆட்களின் கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "புளியடியிலை ஓட ஆளும் இருக்கோ? பழையபடி வலையை அறுத்துப்போட்டு ஓடப் போகினமாக்கும்!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எப்போதோ நடந்த ஒரு கரப்பந்தாட்ட இறுதிப்போட்டியில் வலை அறுந்தது. அறுத்தது யார் என்று வயற்கரையும் புளியடியும் இன்றைக்கும் பிடுங்குப்படும். அன்றைக்குப் புளியடி அணிக்குத் தலைவராக நின்றவர் அருளம்பலம் அண்ணை.

மனுசன் அப்படியே நின்றார். ஸ்ரெல்லாவை மறந்தார். ரோட்டு வளைவில் இரண்டு தலைகள் தெரிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"ஓடடா! விடாதை! கையை வீசி ஓடடா பொடியா!"

நிருஷன் தன்னால் இயன்றமட்டும் ஓடினான். ஆனால் கீர்த்திகன்தான் கயிற்றைத் தொட்டான். வயற்கரைக்காரர் கூக்காட்டினார்கள். அருளம்பலம் அண்ணை நேரே ஸ்ரெல்லாவிடம் போனார்.

"உவன் கோயில் மூலையாலை குறுக்கை வந்தவன். முதலிடம் எங்கடை பொடியனுக்கு."

"மூலையிலை நிண்ட பிள்ளையளைக் கேட்டனான் அண்ணை. அவன் ரோட்டாலைதான் வந்தவன். எங்களுக்கு ரெண்டாமிடம்தான்."

"என்ன கதை கதைக்கிறீர்? சொந்த ஒழுங்கைப் பொடியனையே விட்டுக்குடுக்கிறீரே! உமக்குக் கொஞ்சமும் ஊர்ப்பற்று இல்லையோ?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. ஏச்சும் வரவில்லை. அவளுடைய குரல் அவ்வளவு மெல்லமாக வந்து நான் கேட்டதேயில்லை.

"எந்த ஊர் அண்ணை? இந்த மாதம் முடிய நாங்கள் எழும்ப வேணும்தானே."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்" என்றார் பாலேஸ்வரி அக்கா, மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

வயற்கரைக் கழகத்துத் தலைவர் செபமாலை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர். கிட்ட வந்தார். "பிள்ளை, எங்கடை பக்கம் என்ரை தமையன்ரை வீடு சும்மா கிடக்கு. வந்து இருங்கோ. பொடியன் அடுத்த வருசம் எங்களுக்கு ஓடட்டும்."

அருளம்பலம் அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சேட்டுப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தார். கனடாவில் அப்போது இரவு. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? "தம்பி சுபாஸ், நான்தான். ஓம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உந்த வீட்டு விசயம்... அவை இருக்கட்டும். நல்ல பிள்ளையள். நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? சரி, சொன்னதெண்டே வையன். இப்ப சொல்லுறன், இருக்கட்டும். என்ன, ஓமோ? சரி, படு."

போனை வைத்துவிட்டு, செபமாலையைப் பார்த்துச் சால்வையைச் சரிசெய்தார். "அவை எங்கையும் வரேல்லை."

ஸ்ரெல்லா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே செபமாலையிடம் கேட்டாள். "அண்ணை, அந்த வீட்டையும் தருவீங்களோ? மாசியிலை இன்னும் மூண்டு பேர் இல்லத்திலையிருந்து வெளியிலை வருகினம். வாடகை குடுக்கிறதுக்கு இண்டைக்குச் சேர்ந்த காசு இருக்கு."

செபமாலை நிருஷனை மேலும் கீழும் பார்த்தார். ஒலிபெருக்கிப் பொடியன் முதற்கொண்டு எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நல்லா ஓடுவாங்களோ?" என்றார்.

"ஓடாவிட்டால் நான் பின்னாலை ஓடிக் கலைக்கிறன்" என்றாள்.

அவர் சிரித்து, தலையை ஆட்டினார்.

நிருஷன் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து, "அன்ரி, அப்ப நாங்கள் போகேல்லையோ?" என்று கேட்டான். "இல்லை. போய் முகத்தைக் கழுவு" என்று கத்திவிட்டு, அவள் விறுவிறென்று தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனாள். சர்பத் கரைக்க வாளியோடு நானும் போனேன். சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் வாளியை வைத்துவிட்டு அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்து செத்தனான் அக்கா" என்றாள். "கத்தினால் அவங்களுக்குத் தெரியாதெண்டு கத்திக்கொண்டு திரிஞ்சனான்."