சிரிப்புக்கு விட்ட இடம்

துபாயில் ஒரு ஹோட்டல் ஹாலில் எனக்கு மைக், ஸ்பீக்கர் பார்க்கும் டூட்டி. அன்றைக்கு வந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். தனியாளாக மேடையில் நின்று சிரிக்க வைப்பவர், புத்தகம் எழுதுகிறவர், அவர் ஊர் ரேடியோவில் பேசுகிறவர். இஸ்திரியே காணாத சட்டையும் இப்போதுதான் தூங்கி எழுந்தது போன்ற முகமுமாக இருந்தார்.

மத்தியானம் காலி ஹாலில் மைக் டெஸ்ட். ஒரு ஜோக் சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடி நின்றார். லைட் பார்க்கும் கீழக்கரை அண்ணன், ஊர் வழக்கப்படி நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிடுபவர், பதறிவிட்டார். “மைக் போச்சுடா! யல்லா, சீக்கிரம் பேட்டரி மாத்து!”

நான் மேடைக்கு ஓடினேன்.

“மைக் நல்லாத்தான் இருக்கு. சனங்க சிரிக்க இடம் விட்டேன்” என்றார் அவர் ஆங்கிலத்தில். ஆளே இல்லாவிட்டாலும் அப்படி இடம் விடுவது அவர் பழக்கமாம்.

சாயங்காலம் ஹால் நிறைந்தது. விட்ட இடத்திலெல்லாம் சிரிப்பு கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. பிறகு ஒரு ஜோக்குக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் அசையாமல் நின்றார். அவர் ஜோக் தோற்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மைக்தான் போய்விட்டது என்று பேட்டரியோடு மேடையேறிவிட்டேன்.

அவர் என் காதோரம் குனிந்தார். “மைக் இல்லப்பா, ஜோக்தான் செத்துப்போச்சு. பரவால்ல, மாத்து.”

மாற்றினேன். “புது பேட்டரி” என்று ஹாலுக்கு அறிவித்துவிட்டு, அதே ஜோக்கை மறுபடி சொன்னார். கூரை அதிர்ந்தது.

இப்போதும் ரூமில் போனில் அவர் ரேடியோப் பேச்சைக் கேட்கிறேன். அவர் நிறுத்தும்போதெல்லாம் என் கை பேட்டரியைத் தேடுகிறது.