பத்தால் வகுக்கச் சொன்னவர்

ஹவில்தார் மாதையன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் தளி சந்தையில் பீன்ஸ் மூட்டைகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். பக்கத்து வீட்டுச் சாவித்திரம்மா கைபேசியில் கூப்பிட்டார். "ஹோகிபிட்ரு அண்ணா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அழுதார். நான் ஏழு பாஷை பேசுகிறவன். போய்விட்டார் என்பதை அன்று ஏழிலும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். எதிலும் தாங்க முடியவில்லை.

முப்பதாம் நாளுக்கு முன்னாள் படைவீரர்கள் நினைவு மலர் போடுகிறோம், மச்சினன் நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். எட்டாவதோடு நிறுத்தியவன் நான். ஆனால் என் மனுவைப் படித்துவிட்டு ஒரு தாசில்தார் நாற்காலியை விட்டே எழுந்திருக்கிறார். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

அவர் என் அக்காவின் கணவர். நாட்றாம்பாளையத்துக்காரர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். அவர் லீவில் வந்திருந்தபோது ஓசூர் பாகலூர் ரோடு டீக்கடையில் நாற்பது பேரைக் கூட்டி வைத்து நான் கதை சொன்னேன். பனி மலையில் இரண்டு பக்கமும் குண்டு பறக்கிறது, நடுவில் எங்கள் மச்சான் ஒற்றைக் கையால் லாரியைத் திருப்புகிறார் என்று. அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்:

"குண்டு இல்லீங்க. உருளைக்கிழங்கு. வெங்காயமும் இருந்துச்சு. எம் மாப்ள எது சொன்னாலும் பத்தால வகுத்துக்கோங்க. வர்றதுதான் நெசம்."

கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து ஓசூரில் என் பேச்சுக்கு அதுதான் சட்டம்.

என் அக்கா மஞ்சள் காமாலையில் போனபோது மகள் மஞ்சுளாவுக்கு ஆறு வயது. அவர் பென்ஷனோடு வந்துவிட்டார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. இன்னொரு கல்யாணத்துக்கு நான் நூறு இடத்தில் பெண் பார்த்து வைத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. காலையில் மகளை முன்னால் உட்காரவைத்து இரட்டைச் சடை பின்னுவார். வகிடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருக்கும். முடியை இழுக்கிற இழுப்பில் பிள்ளைக்குப் புருவமே மேலே ஏறிவிடும்.

"அப்பா, வலிக்குது."

"வலிச்சாத்தான் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். நேரா பாரு."

அவள் மூன்றாவது படிக்கையில் வகுத்தல் கணக்கை என் வாயை வைத்துத்தான் பழகினாள். அஞ்செட்டிக் காட்டில் நூறு யானை பார்த்தேன் என்று நான் சொன்னால் விரல் விட்டு எண்ணி, "அப்போ பத்து" என்பாள். "பத்தும் ஜாஸ்தி பாப்பா, இன்னொருக்கா வகு" என்பார் அவர். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதெல்லாம் என்னால்தான். இதை வகுக்க வேண்டாம்.

டிப்ளமா முடித்து அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முதல் ஷிப்ட் கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தேகாலுக்கு வரும். ஹவில்தார் டார்ச் எடுத்துக்கொண்டு கூடவே போய், அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டிய பிறகுதான் திரும்புவார். ஒரு நாளும் தவறியதில்லை. பிறகு எதிரில் இருக்கும் பள்ளி மைதானத்தில் பத்துச் சுற்று நடப்பார், சாயங்காலமும் அதேபோல. அந்தப் பத்து அவருடைய பத்து. அசல் பத்து.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருஷம் அவருடைய சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை பெங்களூர் போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். அத்திப்பள்ளி தாண்டுகிற பஸ்ஸில் இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் என்னைத்தான் நோயாளி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். மூன்று வருஷம் அப்படிப் போனோம்.

அந்தச் சமயத்தில் மஞ்சுளாவைக் கம்பெனியில் ஒரு வருஷப் பயிற்சிக்குப் புனே அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று அழுதாள். "போஸ்டிங் வந்தா போவணும். உங்கப்பன் போகலையா?" என்று அனுப்பிவைத்தார். அவள் போன மூன்றாவது மாதம் அவருக்குக் கால் நிற்கவில்லை. வாடகைக் காரில் படுக்கவைத்துத்தான் பெங்களூர் கொண்டுபோனேன். குரலும் குழறியது; போனில் பேசினால் மகளுக்குத் தெரிந்துவிடும்.

அவள் தினமும் மாலை ஆறு மணிக்கு என் கைபேசிக்குக் கூப்பிடுவாள். என்ன சொல்வது என்று அவரைக் கேட்டேன்.

"மைதானத்துல நடந்துட்டிருக்கேன்னு சொல்லு."

"எத்தன சுத்துன்னு கேப்பாளே மச்சான். ரெண்டுன்னு சொல்லட்டா?"

"வேண்டாம். நீ ரெண்டுன்னு சொன்னா ஏதோ ஆயிடுச்சின்னு தெரிஞ்சிக்கும். பத்துன்னு சொல்லு. எப்பவும் அளக்கற மாதிரியே அள."

என் பொய்யை வாழ்நாளெல்லாம் வகுத்தவர், என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே பொய் அது. நான் அளந்தேன். பத்துச் சுற்று நடந்தார் பாப்பா, ஐந்து களி உருண்டை சாப்பிட்டார், வாசல் கேட்டைத் தனியாளாகத் தூக்கி மாட்டினார் என்று அளந்தேன். "நான் வரட்டா மாமா?" என்பாள். "எதுக்கு? பொங்கல் லீவுக்கு வந்தா போதும், உங்கப்பன் ஓடியே வந்து ஸ்டேஷன்ல நிப்பான்" என்பேன். அவர் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார். நன்றாகச் சொல்கிறாய் என்று அர்த்தம். நான் இன்னும் நன்றாகச் சொல்வேன்.

போவதற்கு முந்தைய நாளும் சொன்னேன். பத்துச் சுற்று.

அவளுக்காக உடலை மறுநாள் வரை வைத்திருந்தோம். வந்தவள் அழவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த மருந்து டப்பாக்களையும் அவருடைய கால்களையும் பார்த்தாள். கால்கள் என் மணிக்கட்டு அளவுக்கு வற்றியிருந்தன. பிறகு என்னிடம் கேட்டாள்.

"எத்தன நாளா மாமா நடக்கல?"

"மூணு மாசமா."

"நான் பத்தால வகுத்தேன் மாமா. ஒரு சுத்தாவது நடக்கறாருன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு சுத்து நடந்தா போதும், பொங்கலுக்குப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

பூஜ்யத்தைப் பத்து என்று சொன்னால் எதால் வகுப்பது? காரியம் முடிந்து அவள் புனே போய்விட்டாள். இப்போது ஆறு மணிக்கு என் கைபேசி அடிப்பதில்லை. நானாகக் கூப்பிட்டால் "ம்" என்கிறாள், வைத்துவிடுகிறாள். நான் வீட்டை உடைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் டீக்கடைக்கும் போவதில்லை.

அவருடைய டார்ச்சை மஞ்சுளா எடுத்துப் போனாள். சட்டைகளைச் சாவித்திரம்மா வீட்டில் கொடுத்தோம். என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்தக் கடைசி நாள் விடியற்காலை நான் தளிக்குக் கிளம்பும்போது அவர் கண் திறந்தார். மணி ஐந்தேகால். இரண்டு நாளாகப் பேசாதவர் தெளிவாகக் கேட்டார்: "பாப்பா பஸ் ஏறிட்டாளா?"

"ஏறிட்டா மச்சான். ஜன்னலோரம் உக்காந்துகிட்டா" என்றேன்.

"கை காட்னாளா?"

"காட்னா."

கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. உங்களில் அவரோடு டீ குடித்த யாராவது இதை மஞ்சுளாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் வகுத்துவிடுவாள்.