ஆகட்டும் ராஜாவான கதை

பேருந்துப் பணிமனையில் உதிரிப்பாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. பணிமனை நாடகக் குழுவில் அவர் வருஷாவருஷம் சேவகன். ஈட்டியோடு நிற்பார், “ஆகட்டும் மன்னா” என்பார், உள்ளே போய்விடுவார். நல்ல கணீர்க் குரல். என்ன பிரயோசனம்? வீட்டிலும் மனைவி எதைச் சொன்னாலும் ஆகட்டும்தான்.

இந்த வருஷம் நாடகத்தை நடத்தும் மெக்கானிக், அவருடைய சகலைதான், வீடு தேடி வந்தான்.

“அந்தக் கால இங்கிலீஷ் ராஜாக்கள் கதை சகலை. நாற்காலிக்காகப் பங்காளிங்க வெட்டிக்கிறாங்க. நீங்கதான் ராஜா.”

“நெஜமாவா?”

“பின்ன, இந்தக் குரல் வேற யாருக்கு இருக்கு?”

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. டயர்களுக்கு நடுவே நின்று வசனம் பேசிப் பார்த்தார். ஒத்திகையில் அவர் காட்சிகளை மட்டும் தனியாக வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஷிப்டு ஒத்துவரவில்லை என்றான் சகலை. நம்பினார். தையல் வேலை செய்யும் மனைவிதான் ராஜா அங்கியைத் தைத்தாள். அளவு பார்க்கும்போது திரும்பப் போனவரை, “திரும்பாதீங்க, முதுகுல ஊசி குத்திடும்” என்று தடுத்தாள். ஆகட்டும் என்றார்.

நாடகத்தன்று அங்கியைச் சகலையே பின்னால் நின்று மாட்டிவிட்டான். ராஜா கம்பீரமாக மேடையேறி அரியணைப் பக்கம் திரும்பினார். கொல்லென்று ஒரு சிரிப்பு. தப்பாக எதுவும் சொல்லவில்லையே என்று குழம்பினார். படைவீரர்கள் தலையில் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்கள். பாதி ராஜ்ஜியம் கேட்க வேண்டிய பங்காளி, வைப்பர் கம்பை நீட்டி, “சன்னலோர சீட்டக் குடு, இல்ல கண்டக்டரக் கூப்புடுவேன்” என்றான். ராஜா மட்டும் செந்தமிழில் உருகினார். உருக உருக அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சாகும் முன் பேச வேண்டிய வசனம் நீளமானது. அதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. இது கேலி நாடகம். அது தெரியாத ஒரே ஆள் அவர்தான், அவருக்குத் தெரியாததுதான் நாடகமே. பாதியில் இறங்கிப் போயிருக்கலாம். வாழ்நாளில் கிடைத்த ஒரே நீள வசனமாயிற்றே, எப்படிப் போவார்? ஒரு சொல் விடாமல் பேசிவிட்டுத்தான் விழுந்தார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

ஒப்பனை அறையில் சகலை கட்டிப்பிடித்துக்கொண்டான். “முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க நடிச்சிருப்பீங்க சகலை. இப்படி வந்திருக்காது.”

அவர் அங்கியைக் கழற்றினார். முன்பக்கம் சிவப்பு வெல்வெட். முதுகு முழுக்க முயல்குட்டிகள். மகள் சின்ன வயதில் போர்த்திக்கொண்ட படுக்கை விரிப்பு அது. சுருக்கம் விழாமல், ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டுச் சேர்த்திருந்தது. அந்தத் தையலை அவருக்குத் தெரியும், போட்டிருக்கும் சட்டையிலும் அதுதான். சகலை புத்தி தெரிந்த விஷயம், அவன் ஏமாற்றினால் போகிறது. இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மனைவி வாசலில் வந்து நின்றாள். அங்கியைப் பார்த்ததும் சிரித்த முகம் சுருங்கியது.

“நீங்களும் சேந்து சிரிப்பீங்கன்னுதான் நெனச்சேன். சும்மா தமாஷுக்குத்தானே. மனசுல வெச்சுக்காதீங்க.”

முயல்கள் உள்ளே போகும்படி அங்கியை மடித்து அவள் கையில் கொடுத்தார். சேவகன் நிற்பதுபோல விறைத்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆகட்டும்” என்றார்.